கணக்கில் வராத இரண்டு ஆண்டுகள்

1986-ஆம் ஆண்டு கிராமத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றபோது, பீரோச் சாவியோடு வெள்ளையர் காலத்துச் சேர்க்கைப் பதிவேடு ஒன்றும் என் கைக்கு வந்தது. ஓரங்கள் செல்லரித்த அந்த ஏட்டை, முதியவர் எவரேனும் வயதுச் சான்று கேட்டு வந்தால் மட்டுமே திறப்பேன். பெயர், தந்தை பெயர், சாதி, பிறந்த தேதி எனக் கட்டங்கள். தேதிக் கட்டத்தில் பக்கம் பக்கமாக ஜூன், ஜூலை. வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொட்ட பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பியதாகக் கொண்டு, பள்ளி திறக்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி ஆசிரியர் எழுதியவை அவை.

அப்படி வந்த பெரியவர் ஒருவர், தம் வயது இரண்டு குறைவாக எழுதப்பட்டிருப்பதாகச் சொன்னார். உள்ளாட்சி வாரியம் நடத்திய இந்தப் போர்டு பள்ளியில் சேர்க்கப்படுமுன் அவர் இரண்டு ஆண்டுகள், ஊர் ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் நடத்தும் திண்ணைப் பள்ளியில் படித்திருக்கிறார்; ஏட்டின் கணக்கில் அவர் அன்றுதான் படிக்கத் தொடங்குகிறார். சான்றாக அவர் கொண்டுவந்த பழைய பாகப்பத்திரத்தில் எண்களெல்லாம் தமிழ் எண்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இது மா, இது காணி. வாத்தியாரய்யாவுக்கு இது தெரியாதா?" என்றார்.

இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி என்று எண்சுவடி வாய்பாட்டை அவர் ஒப்பித்தபோது, வீட்டில் 'அரைக்கால்' என்று சொல்லும் பிள்ளைகளுக்கு 'எட்டில் ஒன்று' என்பதைப் புதிய பாடமாக நடத்திக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாக இருந்தது.

பின்னர்த்தான் தேடிப் படித்தேன். சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் ஆட்சியர்களிடம் கேட்டு, 1826-இல் தொகுத்த கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகியதைப் பார்த்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், அதை எழும்பூர் அநாதை விடுதியில் கைக்கொண்டு 1797-இல் லண்டனில் நூலாகவும் வெளியிட்டார். இங்கோ, கல்விக்கொள்கை வகுத்த 1854-ஆம் ஆண்டு வுட் அறிக்கைக்குப்பின் அரசு மானியம் வேண்டிய திண்ணை ஆசிரியர், கல்வித்துறை சொன்ன பாடத்தையே நடத்த வேண்டியதாயிற்று.

திண்ணையை நான் போற்றிப் பாடவில்லை. அதில் ஏற ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. பெண்கள் மிகச் சிலரே. இவ்விரு சாராரில் பலருடைய பெயர் முதன்முதலாக எழுத்தில் ஏறியது இத்தகைய பதிவேடுகளில்தான். ஆனால் பெயருக்குப் பக்கத்திலேயே சாதியும் ஏறியது. பேரன் சாதிச் சான்றுக்கு அலையும்போதும் அதையே நான் நகலெடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஏட்டில் உள்ள தேதியை மாற்றும் அதிகாரம் எனக்கில்லை என்பதால் அதையே எழுதிச் சான்று கொடுத்தேன். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமிட்ட பெரியவர், அதனடியில் அன்றைய தேதியைத் தமிழ் எண்களில் எழுதினார். தணிக்கையில் கேள்வி வரும் என்று அஞ்சி, அவர் படியிறங்கியபின் அதை அடித்துவிட்டு மேலே வழக்கமான எண்களில் எழுதிவைத்தேன்.