கேஸ் குறைந்துவிட்டது என்றால் எங்கே போனது?

சென்ற வாரம் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், ஃப்ரெஸ்னோ நகரத்துச் சூப்பர் மார்க்கெட் ஒன்றின் கம்ப்ரசர் அறையில் நான்கு மணி நேரம் ஏணியில் நின்றேன். வெளியே 41 டிகிரி வெயில். கடையின் உறைபெட்டிகளுக்குக் குளிர் தரும் இயந்திரத்தில் குளிரூட்டும் கேஸ் குறைந்திருந்தது. கசிவைக் கண்டறியும் கருவி ஒரு மூலையில் கீச்சிடும்; அருகே கொண்டுபோனால் அடங்கிவிடும். விசிறிக் காற்று கேஸைக் கலைத்துவிடுகிறது. விசிறியை நிறுத்திவிட்டு, டார்ச் விளக்கோடு குழாய் குழாயாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். செப்புக் குழாய் ஒன்றைச் சுவரோடு பிடித்திருந்த கவ்விக்குக் கீழே, கட்டைவிரல் அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு. கேஸ் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதோடு கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் வெளியேறும், அது காட்டிக்கொடுத்துவிடும். சோப்பு நீரைத் தடவினேன். பத்து விநாடி ஒன்றுமில்லை. பிறகு கடுகளவு குமிழ் ஒன்று எழுந்து, உடைந்து, மறுபடி எழுந்தது.

இயந்திரத்தின் அதிர்வில் குழாய் கவ்வியோடு உரசி உரசித் தேய்ந்திருக்கிறது. இந்தக் கடுகளவு ஓட்டைக்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

2008-இல் இந்த வேலைக்கு வந்தேன். ஸ்டாக்டனிலிருந்து பேக்கர்ஸ்ஃபீல்டு வரை 99-ஆம் நெடுஞ்சாலையை ஒட்டிய கடைகள்தான் என் வட்டாரம். அந்த நாட்களில் ஒரு கடையை என்னால் மறக்க முடியாது, பெயர் வேண்டாம். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அழைப்பு வரும். போவேன், 15 கிலோ கேஸ் நிரப்புவேன், குளிர் நிற்கும், கிளம்புவேன். கசிவைத் தேட அரை நாள் வேண்டும் என்பேன். "இப்போதைக்கு நிரப்பிவிட்டுப் போங்கள், பிறகு பார்க்கலாம்" என்பார் மேலாளர். அரை நாள் கூலியைவிட ஒரு சிலிண்டர் கேஸ் அவருக்குச் சுலபமாகத் தெரிந்தது. அந்த ஒரு வருடத்தில் அந்தக் கடையில் மட்டும் 90 கிலோ நிரப்பினேன்.

அது ஆர்-404ஏ என்னும் கேஸ். ஓசோன் படலத்துக்குக் கேடு செய்யாதது என்பதால் பழைய கேஸ்களுக்கு மாற்றாக வந்தது. ஆனால் ஒரு கிலோ ஆர்-404ஏ நூறு ஆண்டுக் கணக்கில் பூமியைச் சூடாக்குவது 3,922 கிலோ கரியமில வாயு சூடாக்குவதற்குச் சமம். அப்படியானால் நான் நிரப்பிய 90 கிலோ, ஏறத்தாழ 353 டன். சராசரியான ஒரு கார் ஆண்டுக்கு 4.6 டன் வெளியிடுகிறது என்பது மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. ஏறத்தாழ எழுபத்தேழு கார்கள் ஓராண்டு ஓடி விட்ட புகையை, ஒரு கடையின் கூரையில் நின்று என் கையாலேயே காற்றில் கலக்க விட்டிருக்கிறேன். இந்தக் கணக்கை முதன்முதலாகப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சட்டத்தை மீறவில்லை. இந்த வகைக் கேஸ் கசிந்தால் அடைத்தே தீர வேண்டும் என்று சொல்ல அன்றைக்கு நாட்டில் விதி இல்லை.

அந்த விதியைக் கொண்டுவந்தது கலிஃபோர்னியா மாநிலம். 2006 செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கும் ட்ரெஷர் தீவில் ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் ஏபி 32 என்னும் பருவநிலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் மாநிலத்தின் மொத்த வெளியீட்டை 2020-க்குள் 1990-ஆம் ஆண்டின் அளவுக்கு இறக்க வேண்டும் என்பது இலக்கு. 2016-லேயே இறங்கிவிட்டது. இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளையும் வெளியீட்டு உரிமங்களின் ஏலத்தையும்தான் பேசுகிறார்கள். அதே சட்டத்தின் கீழ் மாநிலக் காற்று வள வாரியம் கொண்டுவந்த ஒரு சின்ன விதி 2011 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 50 பவுண்டுக்கு (ஏறத்தாழ 23 கிலோ) மேல் இப்படிப் பூமியைச் சூடாக்கும் கேஸ் கொள்ளும் குளிர்பதன அமைப்புகள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். 200 பவுண்டை எட்டினால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கசிவுச் சோதனை. கசிவு தெரிந்தால் பொதுவாக 14 நாளுக்குள் அடைத்தாக வேண்டும். எத்தனை பவுண்டு நிரப்பினோம், எங்கே கசிந்தது, என்ன செய்தோம் என்று எழுதிவைக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் காகித வேலை. எனக்கு அப்படியில்லை. அந்தப் பதினான்கு நாள் கைக்கு வந்ததும் மேலாளர்களிடம் என் பேச்சே மாறியது. "தேட அரை நாள் வேண்டும்" என்று கெஞ்சியவன், "கசிவு இருக்கிறது, தேதியைக் குறித்துவிட்டேன்" என்று சொல்லத் தொடங்கினேன். சட்டம் என் பக்கத்தில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்தப் பழைய கடையிலும் தேடினேன். ஒரு வால்வின் மூடியில் சீல் வளையம் விரிசல் விட்டிருந்தது. அடைக்க இருபது நிமிடம் ஆயிற்று.

மத்திய அரசு இதே விஷயத்தில் வந்து வந்து போனதை நான் வேலையின் ஊடாகவே பார்த்தேன். 2016-இல் கசிவு விதியை இந்த வகைக் கேஸ்களுக்கும் விரித்தார்கள். 2020-இல் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். 2015-இல் புதிய சூப்பர் மார்க்கெட் இயந்திரங்களில் ஆர்-404ஏ கூடாது என்று ஒரு விதி போட்டார்கள். 2017-இல் தலைநகர் வாஷிங்டனின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதன் முக்கியமான பகுதியை ரத்து செய்துவிட்டது. மறு ஆண்டே கலிஃபோர்னியா அந்தத் தடையை எஸ்பி 1013 என்று தன் சட்டத்தில் எழுதிக்கொண்டது. வாஷிங்டன் மாநிலம், வெர்மான்ட், நியூ ஜெர்சி, கொலராடோ என்று மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள். மாநிலத்துக்கு ஒரு விதி என்றானதும் இயந்திரம் செய்யும் நிறுவனங்களே நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று கேட்டன. 2020 டிசம்பரில் இந்தக் கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதன் கீழ் 2024-இல் வந்த மத்திய விதி 15 பவுண்டு இயந்திரத்திலேயே தொடங்கியது, எங்கள் மாநிலத்தின் 50 பவுண்டு வரம்பைவிடக் கடுமையாக. மாநிலங்கள் தனித்தனியே விதி போட்டால் குழப்பம்தான் மிஞ்சும் என்று வாதிடுகிறவர்களுக்கு என் பதில் இதுதான்: அந்தக் குழப்பம் இல்லாவிட்டால் நாட்டுச் சட்டம் வந்திருக்காது.

கார்களின் விஷயத்தில் இப்போது நடப்பது எனக்குக் கவலை தருகிறது. புகை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ள மத்திய தூய காற்றுச் சட்டம் கலிஃபோர்னியாவுக்கு ஒரு விலக்கு வழி வைத்திருக்கிறது. அந்த வழியில் பெற்ற மூன்று அனுமதிகளை 2025 ஜூனில் மத்திய அரசில் ரத்து செய்துவிட்டார்கள். மாநிலம் வழக்குப் போட்டிருக்கிறது. என் வேலைக்கு இதில் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் ஒரு கதவைச் சாத்துகிறவர்கள் அடுத்த கதவையும் பார்ப்பார்கள்.

சிறிய குடும்பக் கடைகளின் குறையையும் சொல்லியாக வேண்டும். 2022 முதல் எங்கள் மாநிலத்தில் புதிய கடைகளின் பெரிய இயந்திரங்களில் ஓடும் கேஸின் வெப்பமூட்டும் எண் (ஆர்-404ஏ-வுக்கு 3,922 என்றேனே, அது) 150-க்குக் கீழே இருக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் கரியமில வாயுவையே குளிரூட்டியாக ஓட்டும் இயந்திரத்துக்குப் போகின்றன. அதன் எண் வெறும் ஒன்று. அழுத்தம் மிக அதிகம், தடித்த குழாய், தனிப் பயிற்சி. நான் சனிக்கிழமைகளில் போய்க் கற்றேன். ஆனால் இரண்டு உறைபெட்டி வரிசையோடு பிழைக்கும் கடைக்காரர் பழைய இயந்திரம் படுத்துவிட்டால் எங்கே போவார்? மாற்றுவதற்கு மாநில அரசு ஊக்கத்தொகைத் திட்டம் வைத்திருக்கிறது. அந்தப் பணம் முதலில் இப்படிப்பட்டவருக்கே போக வேண்டும். 2025 முதல் புத்தம்புதிய ஆர்-404ஏ சிலிண்டரை மாநிலத்தில் விற்கக் கூடாது என்றாகிவிட்டது. மீட்டுச் சுத்திகரித்த கேஸ்தான் கிடைக்கும். கசிய விட்டால் முதலில் திண்டாடப் போவதும் அவர்தான்.

ஃப்ரெஸ்னோ கடைக்கு வருகிறேன். அந்தப் பகுதியில் இருந்த கேஸை மீட்பு இயந்திரத்தால் சிலிண்டருக்கு இழுத்தேன். தேய்ந்த குழாயை வெட்டி, ஓர் அடி நீளப் புதுத் துண்டை வெள்ளிக் கம்பியால் பற்றவைத்தேன். நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்தேன். கவ்விக்குள் ரப்பர் உறை மாட்டினேன். முன்பே மாட்டியிருந்தால் இந்தத் தேய்மானமே வந்திருக்காது. பதிவேட்டில் தேதி, இடம், காரணம், நிரப்பிய கேஸ் 38 பவுண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டேன். முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். அதற்கு முன் கடைசியாகக் கேஸ் நிரப்பியது மூன்று ஆண்டுகளுக்கு முன்பு. பக்கத்து வரிசைக் குழாய்களிலும் நான்கு கவ்விகளுக்கு உறை இல்லை. வரும் செவ்வாய்க்கிழமை மறு சோதனைக்குப் போகும்போது அவற்றுக்கும் வாங்கிப் போகிறேன்.