சார்ஜ் ஏறாத லேப்டாப்பும் பள்ளத்தூர் வீட்டுக் கரண்டும்

நான் பார்ப்பது கணக்கு வேலை. சென்னை, மதுரைப் பக்கம் இருக்கும் சில சின்ன வியாபாரிகளுக்கு, காரைக்குடிப் பக்கம் பள்ளத்தூரில் எங்கள் பழைய வீட்டில் உட்கார்ந்தபடியே ஜிஎஸ்டி கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். அதற்கென்று வைத்திருப்பது ஒரு ரீஃபர்பிஷ்டு லேப்டாப். ஏதோ ஒரு பெரிய கம்பெனியில் நாலைந்து வருஷம் உழைத்து ஓய்ந்து, துடைத்து, என்னிடம் வந்தது. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

தொல்லை இரண்டு. சார்ஜரைச் செருகினால் லேப்டாப் ஓடும், ஆனால் மூலையில் ‘ப்ளக்டு இன், நாட் சார்ஜிங்’ என்றே நிற்கும். சார்ஜரைக் கழற்றிய நேரமெல்லாம் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து கடைசியில் பூஜ்யத்தில் வந்து நின்றுவிட்டது. இரண்டாவது, வேலைக்கு நடுவே திரை பொசுக்கென்று கறுத்து, சில நொடிகளில் தானாகவே மறுபடி ஆன் ஆகும். நீலத்திரை, எச்சரிக்கை, எதுவும் கிடையாது. மாதா மாதம் 20ஆம் தேதிக்குள் 3பி என்கிற ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டாக வேண்டும். 19ஆம் தேதி ராத்திரி இப்படி ஆனால் எப்படி இருக்கும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காரைக்குடியில் ஒரு கடையில் கொடுத்தேன். “மதர்போர்டு போயிருச்சு தம்பி, எட்டாயிரம் ஆகும். வேணும்னா முதல்ல ஃபார்மட் அடிச்சுப் பார்ப்போம்” என்றார்கள். எதைத் திறந்து பார்த்து இந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்டேன், சரியான பதில் இல்லை. ஆனால் பேச்சோடு பேச்சாக ஒரு விஷயம் சொன்னார்கள்: கடையில் இருந்த வரைக்கும் ஒரு தடவைகூட ரீஸ்டார்ட் ஆகவில்லையாம். அவர்களுக்கு அது பெரிதாகப் படவில்லை. மதர்போர்டு போன மெஷின் கடைக்கு வந்ததும் எப்படி ஒழுங்காக இருக்கும்? லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் எல்லோரும் குற்றம் சாட்டியது கரண்டைத்தான். அதற்குக் காரணமும் இருக்கிறது. எங்கள் வீட்டு வயரிங் மர ரீப்பரில் தகரக் கிளிப் அடித்து ஓட்டிய அந்தக் காலத்து வயரிங். கறுப்பு வட்ட சுவிட்சுகள், பாதி பிளக்குகள் இரண்டு ஓட்டைதான், எர்த் என்ற பேச்சே இல்லை. லேப்டாப்பின் மூன்று பின் சார்ஜரை ஒரு கன்வர்ட்டர் போட்டுத்தான் செருகியிருந்தேன். வெறுங்காலோடு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கால் வைத்துக்கொண்டு லேப்டாப்பின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரலில் சுருசுருவென்று இருக்கும். செருப்புப் போட்டால் தெரியாது. டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியும்.

பார்க்கப் பயமாக இருந்தாலும் இதற்குக் காரணம் சாதாரணமானது. சார்ஜருக்குள், சுவரிலிருந்து வரும் ஏசி பக்கத்துக்கும் லேப்டாப்புக்குப் போகும் டிசி பக்கத்துக்கும் நடுவே இரைச்சலை வடிகட்ட ஒரு சின்னக் கெப்பாசிட்டர் உண்டு. எர்த் இருந்தால் அதன் வழியாகக் கசிவது மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அளவு லேப்டாப்பின் உடம்பில் நிற்கும். கரண்ட் மிகமிகக் குறைவு, ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அதனால் சுருக்கென்கிறதோடு சரி. எர்த் கட்டாயம் வேண்டியதுதான், ஆனால் சார்ஜ் ஏறாததற்கும் ரீஸ்டார்ட்டுக்கும் இது காரணமாக முடியாது. எர்த்தே இல்லாத வீடுகளில் எத்தனையோ லேப்டாப்புகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அடுத்து கிணற்று மோட்டார் மேல் சந்தேகம் வந்தது. மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும், முகப்பில் பல்பு மங்கும். ஆனால் சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால் அதன் மேலேயே 100-லிருந்து 240 வோல்ட் வரை என்று அச்சடித்திருக்கிறது. 170க்கு இறங்கினால் அதற்கு ஒன்றும் ஆகாது. வேண்டுமென்றே மோட்டாரைப் பல தடவை போட்டு நிறுத்திப் பார்த்தேன். லேப்டாப் அசையவில்லை.

சரி, விண்டோஸ் என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்று, மெஷினில் நடப்பதைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்தேன். விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். சிவப்புக் குறியோடு வரிசையாக ‘கெர்னல் பவர் 41’ நின்றது. முறையாக ஷட்டவுன் ஆகாமல் மெஷின் மறுபடி கிளம்பியிருக்கிறது என்பதைத்தான் இந்த 41 சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஆனால் அதன் விவரத்தைத் திறந்தால் ‘பக்செக் கோட்’ என்று ஒரு வரி வரும். அங்கே ஏதாவது எண் இருந்தால் டிரைவர், ராம் போன்ற ஏதோவொன்று விண்டோஸைக் கவிழ்த்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு எல்லாவற்றிலும் பூஜ்யம். விண்டோஸுக்கே தெரியாமல் கரண்ட் போயிருக்கிறது என்பதற்குத்தான் பெரும்பாலும் இப்படி வரும். ஃபார்மட் அடித்திருந்தால் என் கணக்கெல்லாம் போயிருக்கும், பிரச்சினை அப்படியே இருந்திருக்கும்.

அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸில் ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்று ஒரு டிக் இருக்கும், அதையும் எடுத்துவிட்டேன். விண்டோஸ்தான் ரீஸ்டார்ட் செய்கிறதென்றால் இனிமேல் நீலத்திரையோடு நின்றாக வேண்டும். நிற்கவில்லை, பழையபடி கறுத்துத் தானே ஆன் ஆனது.

இந்த இடத்தில்தான் ஒரு கேள்வி குடைந்தது. கரண்ட் போய் அணைந்ததென்றால் அணைந்தபடி கிடக்க வேண்டியதுதானே? லேப்டாப்பை யார் ஆன் செய்தது? டெஸ்க்டாப் என்றால்கூடச் சரி. லேப்டாப் பட்டனை அமுக்காமல் எழுந்து வராதே.

விடை பயாஸில், அதாவது விண்டோஸ் கிளம்புவதற்கு முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்ஸில் இருந்தது. ஆன் ஆகும்போது எஃப்2 அமுக்கி உள்ளே போய், பவர் பகுதியில் ஒவ்வொன்றாகப் படித்தபோது ‘வேக் ஆன் ஏசி’ என்பது டிக் ஆகியிருந்தது. சார்ஜர் வழியாகக் கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகு என்று அர்த்தம். கம்பெனிகளில் தூரத்திலிருந்து நிர்வகிக்கும் மெஷின்களில் இப்படிப் போட்டுவைப்பது உண்டு. முந்தைய வாழ்க்கையில் யாரோ போட்டது, பேட்டரியில் சார்ஜ் இருந்த வரை என் கண்ணில் படாமல் இருந்திருக்கிறது. டிக்கை எடுத்தேன். அடுத்த தடவை திரை கறுத்தது, கறுத்தபடியே கிடந்தது. அப்படியென்றால் இத்தனை நாளும் நான் ரீஸ்டார்ட் என்று சொல்லிக்கொண்டிருந்தது ஒரே செயல் இல்லை. கரண்ட் போய் அணைந்தது ஒன்று, வந்ததும் எழுந்தது இன்னொன்று.

ஆனால் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே, கரண்ட் எங்கே போனது? லாக்கில் இருந்த நேரங்களைப் பார்த்தேன். காற்றடித்த சாயங்காலங்களில்தான் அதிகம். எங்கள் லைனில் காற்றடித்தால் கரண்ட் கண் மூடித் திறப்பதற்குள் போய் வரும். இன்வெர்ட்டர் இருப்பதால் ஃபேன் நிற்காது, ட்யூப் லைட் ஒரு சிமிட்டு சிமிட்டும், நாம் கவனிக்கக்கூட மாட்டோம். சோதித்துப் பார்க்க மெயின் சுவிட்சை நானே இறக்கினேன். ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது, லேப்டாப் அந்த நொடியே அணைந்தது.

இ.பி. லைனிலிருந்து தன் பேட்டரிக்கு மாற இன்வெர்ட்டர் ஒரு இடைவெளி எடுக்கும். பல வீட்டு இன்வெர்ட்டர்களின் பின்புறம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். யூபிஎஸ் மோடில் வைத்தால் அந்த இடைவெளி 10 மில்லி செகண்ட் அளவு, சாதாரண மோடில் அதைப்போல் சில மடங்கு. சார்ஜருக்குள் கரண்டைத் தேக்கிவைக்கும் இன்னொரு கெப்பாசிட்டர் ஏசியின் ஒரு சுற்று, அதாவது 20 மில்லி செகண்ட் அளவுக்குத் தாங்கினாலே பெரிது. எங்கள் இன்வெர்ட்டர் சாதாரண மோடில் இருந்தது. யூபிஎஸ் பக்கம் தள்ளினேன், மெயினை இறக்கி ஏற்றினேன், லேப்டாப் அணையவில்லை.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் யூபிஎஸ் மோடில் வோல்டேஜ் 180க்குக் கீழே போனாலே இன்வெர்ட்டர் தன் பேட்டரிக்குத் தாவிவிடும். கோடையில் இங்கே சாயங்காலம் வோல்டேஜ் எப்படி இருக்கும் என்று தெரியும். இரவு நிஜமாகவே கரண்ட் போகும்போது இன்வெர்ட்டரில் ஒன்றும் மிச்சம் இருக்காது, அப்பத்தா ஃபேன் இல்லாமல் தூங்க மாட்டார்கள். அதோடு, பேட்டரி உள்ள லேப்டாப்புக்கு இந்த இடைவெளி பொருட்டாகவே இருக்கக் கூடாது. சார்ஜ் ஏறாததுதான் வேர்.

பேட்டரி செத்துவிட்டதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி என்று தட்டி, ஒரு இடம் விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து அடித்தால் ஒரு அறிக்கை வரும். அதில் ‘டிசைன் கெப்பாசிட்டி’ (புதிதில் பிடித்தது), ‘ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி’ (இப்போது பிடிப்பது) இரண்டையும் ஒப்பிட வேண்டும். எனக்கு 42,000 மில்லிவாட்-ஹவர் இருக்க வேண்டிய இடத்தில் 31,000 இருந்தது. முக்கால்வாசி நன்றாகத்தான் இருக்கிறது, தீனிதான் போகவில்லை. டச்பேட் மேலே தள்ளிக்கொண்டு நிற்கிறதா, அடிப்பாகம் உப்பியிருக்கிறதா என்றும் பார்த்தேன், இல்லை. உப்பியிருந்தால் இந்த ஆராய்ச்சியெல்லாம் கூடாது, உடனே அணைத்துக் கழற்ற வேண்டியதுதான். (லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் மத்திய மின் வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் இடம் கொடுத்து, 1948இல் அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்தது. அந்த ஊரில்தான் என் பேட்டரியைப் பார்க்காமலேயே மதர்போர்டு என்றார்கள்.)

சார்ஜர்? எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டர் வைத்துப் பார்த்தார், 19.5 வோல்ட் துல்லியமாக வந்தது. “சார்ஜர் கெத்தா இருக்கு தம்பி” என்றார். வோல்ட் மட்டும் போதாது என்பதுதான் சிக்கல். இந்த வகை சார்ஜரின் முனையை உற்றுப் பார்த்தால் உருளைக்கு நடுவே மெல்லிய ஒரு பின் நிற்கும். அது கரண்ட் கொண்டுபோவதற்கு இல்லை. நான் இத்தனை வாட் சார்ஜர் என்று லேப்டாப்புக்கு அடையாளம் சொல்வதற்கு. அந்த அடையாளம் கிடைக்காவிட்டால் லேப்டாப் பயந்துகொண்டு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றாது, தன் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ப்ராசசர் ஒரு கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே தவழ்ந்துகொண்டிருந்தது. எக்செல் ஏன் இப்படி இழுக்கிறது என்று சலித்துக்கொண்டதற்கும் காரணம் கிடைத்தது. பயாஸில் ‘அடாப்டர் டைப்’ என்ற இடத்தில் ‘அன்நோன்’ என்றே இருந்தது.

ஒரு நண்பரிடம் அதே மாடல் சார்ஜர் இருந்தது, வாங்கி வந்து செருகினேன். அதற்கும் ‘அன்நோன்’. என் சார்ஜரை அவருடைய லேப்டாப்பில் செருகினால் ஒழுங்காகச் சார்ஜ் ஏறியது. ஆகக் கோளாறு என் லேப்டாப்பின் பக்கம், அதுவும் சார்ஜர் செருகும் ஜாக்கில் தொடங்கிப் போர்டுக்குப் போகும் வழியில் எங்கேயோ.

இந்தத் தடவை போனது பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில் தனியாளாக வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக்கிடம். ஃபார்மட் வேண்டாம், ஜாக்கையும் அதன் வயரையும் மட்டும் பாருங்கண்ணே என்று சொல்லிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன். அடித்தட்டைக் கழற்றி, முதலில் பேட்டரி கனெக்டரை எடுத்துவிட்டு, ஜாக்கை வெளியே இழுத்தார். அதிலிருந்து தடியான சிவப்பும் கறுப்பும், கூடவே நூல் மாதிரி ஒரு வயரும் போர்டுக்குப் போகின்றன. அந்த மெல்லிய வயர் கனெக்டருக்குப் பக்கத்தில் அறுந்து, ரப்பர் உறையின் பிடியில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. இடுக்கியால் தூக்கிக் காட்டி, “பாத்தீங்களா, இதுதான் பேசுற வயரு. மத்த ரெண்டும் சோறு போடுறது” என்றார். ஜாக் வயரோடு சேர்த்துப் புதிதாக வாங்கி மாட்டினார். பாகமும் கூலியும் சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்தது. சாலிடர் வைக்கக்கூடத் தேவைப்படவில்லை. உங்கள் மாடலில் ஜாக் போர்டிலேயே ஒட்டியிருந்தால் கூலி கூடும், மதர்போர்டு விலை அப்போதும் வராது.

ஆன் செய்ததும் 65 வாட் என்று அடையாளம் வந்தது, சார்ஜ் ஏறத் தொடங்கியது. வீட்டுக்கு வந்து இன்வெர்ட்டரைப் பழையபடி சாதாரண மோடுக்குத் தள்ளி, பேட்டரி நிறைந்த பிறகு மெயினை இறக்கிப் பார்த்தேன். லேப்டாப்பில் சார்ஜர் குறி ஒரு கணம் மறைந்து வந்ததோடு சரி.

வயரிங் விஷயத்தைப் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று ஆளாளுக்கு ஒரு யோசனை. பொதுச் செலவில் முழு வீட்டையும் மாற்றுவதா, அவரவர் புள்ளி (தனிக் குடும்பம்) அவரவர் பங்கைப் பார்த்துக்கொள்வதா என்று போய், வருகிற படைப்புக்கு (முன்னோர் வழிபாடு) எல்லோரும் கூடும்போது பேசிக்கொள்ளலாம் என்று முடிந்தது. அது வரை காத்திருக்க முடியாது என்று என் அறைக்கு மட்டும் தனி லைன் இழுத்துக்கொண்டேன். சுவரைத் துளைக்காமல் வெண்டிலேட்டர் வழியாக வயர் வந்தது. கொல்லையில் கிணற்றோரம் குழி தோண்டி ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் எடுத்தோம். சுருசுருப்பு அன்றைக்கே நின்றது. வெயில் காலத்தில் அந்தக் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றச் சொல்லியிருக்கிறார் எலக்ட்ரீஷியன் அண்ணன்.

பயாஸில் ‘வேக் ஆன் ஏசி’ டிக் இல்லாமலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அங்கேயே சார்ஜ் எவ்வளவு வரை ஏறலாம் என்று வைக்க இடம் இருந்தது. எப்போதும் பிளக்கிலேயே இருக்கும் மெஷின் என்பதால் 80 சதவீதத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன்.