ஆய்வுக்கு ஆள் வந்தால் எந்த ஃபைலை எடுத்துக் கொடுப்பீர்கள்?

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் ஒரு முதியோர் இல்லத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். புதிதாக இல்லம் தொடங்குகிறவர்கள் போன் போட்டால் கேட்பது, "இன்ஸ்பெக்‌ஷனுக்கு என்னென்ன ரிஜிஸ்டர் வைக்கணும்?" சேர்க்கைப் பதிவேடு, மருந்து நோட்டு, ஸ்டாக், பார்வையாளர் நோட்டு என்று வரிசையாகச் சொல்லிவிடலாம்தான். ரிஜிஸ்டர்களைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துப் போகிற ஆபீசர்களும் உண்டு. ஆனால் விவரம் தெரிந்தவர் வந்தால் நேரே ஹாலுக்குப் போய் ஒரு பாட்டியிடம் எந்த ஊர், பிள்ளைகள் எங்கே, ராத்திரி தூக்கம் வருகிறதா என்று பேச்சுக் கொடுத்துவிட்டு, ஆபீஸ் ரூமுக்கு வந்து "அந்த அம்மா ஃபைலை எடுங்க" என்பார். அங்கேதான் பலர் திணறுகிறார்கள், ஏனென்றால் அந்தப் பாட்டியைப் பற்றிய தகவல் ஆறேழு நோட்டில் ஆளுக்கொரு பக்கமாகச் சிதறிக் கிடக்கும்.

அதனால் நான் சொல்வது, ரிஜிஸ்டர் இருக்கட்டும், முதலில் ஆளுக்கு ஒரு ஃபைல் போடுங்கள். அந்த மனிதரை முன்பின் தெரியாத ஒருவர் அதைத் திறந்தால், அன்று ராத்திரி அவரைப் பார்த்துக்கொள்ள முடியவேண்டும். அந்த அளவுக்கு இருந்தால் ஆய்வுக்கும் போதும்.

முதல் பக்கம் ஒரே தாள். போட்டோ, அறை எண், என்னென்ன நோய், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, தானே நடப்பாரா, பார்க்கும் டாக்டர் யார். பெயரை ஆதாரில் உள்ளபடி எழுதி, பக்கத்திலேயே கூப்பிடும் பெயரையும் போடுங்கள். எல்லாரும் குஞ்சம்மா என்று கூப்பிடுகிறவர் ஆதாரில் லோகநாயகி என்றிருப்பார், புதிதாக வந்த நர்ஸுக்கு எப்படித் தெரியும்? வயதும் அப்படித்தான். "நாகப்பட்டினத்துல ஐம்பத்திரண்டு புயல் அடிச்சப்ப நான் கைக்குழந்தை" என்பார், ஆதாரிலோ ஜனவரி 1 என்று ஏதோ ஒரு வருஷம் இருக்கும். இரண்டையும் எழுதிவையுங்கள், ஒன்றோடொன்று ஒத்துப்போகட்டும் என்று நீங்களாகத் திருத்த வேண்டாம்.

போன் நம்பர் விஷயத்தில் டெல்டாவுக்கு என்றே ஒரு சிக்கல் உண்டு. மகன் சிங்கப்பூரில், மகள் துபாயில். சேர்க்கும்போது அந்த இரண்டு நம்பரையும் வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறோம். ராத்திரி இரண்டு மணிக்குத் தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட சிங்கப்பூர்க்காரர் வர முடியுமா? வலங்கைமானில் ஒரு தங்கை பிள்ளையோ, திருவையாற்றில் ஒரு சம்பந்தியோ, ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கக்கூடியவர் நம்பர் ஒன்று இல்லாமல் சேர்க்கையை முடிக்காதீர்கள்.

இனி மருந்து. ஆய்வில் அதிகம் மாட்டுவது இதில்தான். தினசரி மருந்துத் தாளில் வெறும் டிக் அடிக்க விடாதீர்கள், கொடுத்தவர் தன் இனிஷியலைப் போடட்டும், கொடுத்த நேரத்தையும் எழுதட்டும். மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு நாள்கூட "வேண்டாம்னுட்டார்" என்ற குறிப்பு இல்லை என்றால், அது ஆய்வுக்கு முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்து நிரப்பியது என்று யாருக்கும் தெரிந்துவிடும். வயதானவர்கள் மாத்திரையைத் துப்புவார்கள், ஒளித்து வைப்பார்கள், தூங்கிப்போவார்கள். இது எதுவுமே நடக்காத இல்லம் காகிதத்தில்தான் இருக்கும். கொடுக்காத வேளைக்குக் காரணத்தை எழுதினால் அது குறையாகாது. எழுதியது தப்பாகிவிட்டால் ஒரு கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் இனிஷியலும் தேதியும் போடுங்கள், வொயிட்னர் பாட்டிலை ஆபீஸை விட்டே அப்புறப்படுத்துங்கள். அப்புறம் மாத்திரை அட்டையை எண்ணி, தாளில் உள்ள கணக்கோடு ஒத்துப்பாருங்கள், ஆபீசரும் அதைத்தான் செய்வார்.

எங்கள் பக்கத்து இல்லங்களில் ஏகாதசி, அமாவாசை என்று விரதம் இருக்கிற மாமிகள் நிறைய. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர், காலையில் ஊசியைப் போட்டுக்கொண்டுவிட்டு "இன்னிக்கு நான் சாப்பிடமாட்டேன்" என்றால், மத்தியானத்துக்குள் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். அதனால் விரத நாளில் எத்தனை யூனிட், எந்த மாத்திரையை நிறுத்துவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி ஃபைலில் வையுங்கள். அன்றைய தேதிக்கு நேரே "ஏகாதசி" என்று எழுதிச் சர்க்கரை அளவையும் குறியுங்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்து மருந்துத் தாள் தயாரிப்பது எந்தப் படிவத்திலும் இல்லைதான், ஆனால் இங்கே அது இல்லாமல் முடியாது.

ராத்திரி ட்யூட்டி ஆயாம்மாவுக்கு எழுத வராது என்பதால் ராத்திரி பக்கம் காலியாகவே இருக்கும், பல இடங்களில் இதுதான் நிலைமை. கீழே விழுவது, பாத்ரூமில் வழுக்குவது எல்லாம் பெரும்பாலும் ராத்திரியில்தானே? காலையில் வரும் நர்ஸ் அவரைக் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி, படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கட்டும். "சொன்னவர்", "எழுதியவர்" என்று இரண்டு பேர் பெயரும் இருக்கட்டும்.

மறதி நோய் உள்ளவரைக் கட்டிப்போடுவது பற்றி. செய்யாதீர்கள், அவ்வளவுதான். 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடியில் மனநலக் காப்பகத்துக் கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் செத்தார்கள், சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. கட்டிலுக்குத் தடுப்புக் கம்பி போடுவதென்றால்கூட யார் சொன்னார், எதற்கு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று எழுத்தில் இருக்க வேண்டும். கும்பகோணத்தில் தீ பற்றித் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை, 2004 ஜூலை 16-ல் பள்ளித் தீயில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்த ஊர் இது. ஆனாலும் நடக்க முடியாதவர்கள் யார் யார், எந்த அறை, தூக்க எத்தனை பேர் வேண்டும் என்ற பட்டியல் வாசலருகே ஒட்டியிருக்கிற இல்லங்கள் குறைவு. ஆள் அறை மாறினால் அன்றே அதை மாற்ற வேண்டும், பழைய பட்டியல் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

பார்வையாளர் நோட்டை யாரும் மதிப்பதில்லை, எனக்கோ அதுதான் பிடித்த நோட்டு. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. அதன்படி ஜீவனாம்சம் கேட்டுப் பெரியவர்கள் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) முன்னால் மனுப் போடலாம், வேண்டுமென்றே கைவிட்டால் 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விசாரணையில் "மாசாமாசம் போய்ப் பார்த்துட்டுத்தான் இருக்கேன்" என்று மகன் சொல்லும்போது, யார் எந்தத் தேதியில் வந்தார் என்பதைக் காட்ட அந்த நோட்டை விட்டால் வேறென்ன இருக்கிறது? நாம் போன் செய்து எடுக்காத தேதிகளையும் அந்தந்த ஃபைலில் எழுதுங்கள். கோபம், விமர்சனம் எதையும் சேர்க்காமல், தேதி, நேரம், "எடுக்கவில்லை" என்று மட்டும்.

இறந்துபோனவர் ஃபைலை மூட்டை கட்டுவதற்கு முன்னால், நகையும் துணிமணியும் யாரிடம் கொடுக்கப்பட்டது என்று கையெழுத்து வாங்குங்கள், இறப்பைப் பதிய 21 நாள்தான் கெடு என்பதை உறவினருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

எல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்கிறது என்று சிலர் போனைக் காட்டுகிறார்கள். அடுத்தவர் ஆதாரையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ஸ்டாஃப் குரூப்பில் போடுவதே சரியில்லை. அதோடு கஜா புயலை மறந்துவிட்டார்களா? 2018 நவம்பருக்குப் பிறகு வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கமெல்லாம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, போனும் கிடையாது. தாள்தான் நிற்கும், அதையும் ஐப்பசி கார்த்திகை ஈரத்திலிருந்தும் கரையானிடமிருந்தும் காப்பாற்றினால். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் தள்ளி, மேல் தட்டில் வையுங்கள்.

பீரோவுக்குப் பூட்டு அவசியம். சாவி மட்டும் மேனேஜர் இடுப்பில் மாட்டியே இருக்கக்கூடாது, அவர் கல்யாணத்துக்குப் போன அன்றுதான் ஜீப் வாசலில் வந்து நிற்கும். இரண்டாவது சாவி ட்யூட்டி நர்ஸிடம் இருக்கட்டும், கைமாறும்போது ஒரு கையெழுத்தோடு.