பெர்லினில் தனியாக: முகவரி, தபால்பெட்டி, ரிங் பான்

பெர்லினுக்குப் படிக்க வருபவர்களில் பலர் முதல் சில மாதங்கள் ஒரு சீனியரின் பின்னாலேயே அலைகிறார்கள். உதவி கேட்பதில் தவறில்லை. ஆனால் எந்த வேலைக்கு முன் எது முடிய வேண்டும் என்ற வரிசை தெரிந்துவிட்டால், யாரையும் எதிர்பார்த்து நிற்க வேண்டாம்.

வரிசை முகவரியில் தொடங்குகிறது. குடிபோன 14 நாட்களுக்குள் பூர்கர்அம்ட் எனும் குடிமக்கள் சேவை அலுவலகத்தில் அதைப் பதிய வேண்டும், இதுதான் அன்மெல்டுங். பாஸ்போர்ட், படிவம், நீங்கள் அங்கே குடிவந்ததாக வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று மூன்றும் தேவை. வாடகை ஒப்பந்தத்தை மட்டும் கொண்டுபோனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் பகுதியில் நேரம் கிடைக்காவிட்டால், நகரின் எந்தப் பூர்கர்அம்ட்டிலும் பதியலாம். யாராவது ரத்து செய்த நேரங்கள் இணையத்தில் மறுபடி தோன்றும்; காலையில் எழுந்ததும் பாருங்கள்.

"இங்கே பதிய முடியாது" என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கும் அறையை, வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பதிவு இல்லாமல் வரி எண் வராது. பல வங்கிகள் கணக்கும் திறக்காது. விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைத்து மாதாமாதம் கொஞ்சமாகப் பெறும் பிளாக்டு அக்கவுண்டில் ஓராண்டுக்கென 11,904 யூரோ போட்டிருந்தாலும், மாதம் 992 யூரோ வந்துசேர நடப்புக் கணக்கு ஒன்று வேண்டுமே! அறையை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பவே கூடாது. சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்பவர் ஏமாற்றுக்காரர். முன்பணத்துக்குச் சட்டப்படி உச்சவரம்பு, மூன்று மாத அடிப்படை வாடகை. ஹீட்டர், தண்ணீர்ச் செலவுகள் அந்தக் கணக்கில் சேராது.

அடுத்தது தபால்பெட்டி. நம்மவர்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். அடுக்குமாடிகளில் பொதுவாகக் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும். வரி எண், வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில் வருபவை. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக இருந்தால், கடிதங்களில் உங்களை அந்தப் பெயரால்தான் குறிப்பிடுவார்கள். ஆகவே சாவி வாங்கிய அன்றே இரண்டு பெயரையும் எழுதி ஒட்டுங்கள். பதிவு முடிந்தபின் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டும் ஒரு கடிதம் வரும். மாதம் 18.36 யூரோ, வீட்டுக்கு ஒன்று; கூட இருப்பவர் ஏற்கெனவே கட்டினால் அவருடைய எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் போட்டால் போதும். குப்பையில் போட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

இனி நகரம். வரைபடச் செயலியை மூடிவைத்துவிட்டு, நகரின் மையத்தை வளையமாகச் சுற்றியோடும் ரயில்பாதையான ரிங் பானில் ஒரு முழுச் சுற்று போய்வாருங்கள். ஏறத்தாழ 37 கிலோமீட்டர், 27 நிலையங்கள், ஒரு மணி நேரம். எஸ்41 வலஞ்சுழியாகவும் எஸ்42 இடஞ்சுழியாகவும் ஓடும். வடக்கே கெசுண்ட்புருன்னன், கிழக்கே ஓஸ்ட்குரொய்ட்ஸ், தெற்கே ஸூட்குரொய்ட்ஸ், மேற்கே வெஸ்ட்குரொய்ட்ஸ்: இந்த நான்கும் மனதில் பதிந்தால் பெர்லின் பிடிபட்டுவிடும். ஒரு எச்சரிக்கை. தெற்குப் பகுதியில் எஸ்45, எஸ்46, எஸ்47 வண்டிகளும் இதே தண்டவாளத்தில் வந்து, பிறகு வெளியே பிரிந்துவிடும். நடைமேடையை நம்பாமல் வண்டியின் எண்ணைப் பார்த்து ஏறுங்கள். நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது. ஆனால் மாணவர்களுக்கான பயணச்சீட்டான செமஸ்டர் டிக்கெட் கைக்கு வரும்முன் தாளில் வாங்கும் டிக்கெட்டில் முத்திரை குத்தாமல் ஏறினால் 60 யூரோ அபராதம்.

வளையத்தின் தெற்கில் டெம்பல்ஹோஃப் நிலையத்துக்கு அருகிலேயே, 2008-ல் மூடப்பட்ட விமான நிலையத்தின் ஓடுபாதை 2010 முதல் பூங்காவாகத் திறந்திருக்கிறது. காசில்லாமல் ஒரு மாலை முழுக்க நடக்க இதைவிட நல்ல இடம் நகரத்தில் இல்லை. பெர்னவர் சாலையில் பெர்லின் சுவர் நினைவிடத்துக்கும் கட்டணமில்லை. ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடமான ரைஷ்டாக்கின் குவிமாடமும் இலவசம்தான், ஆனால் முன்கூட்டியே இணையத்தில் பெயர் பதிய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட்டுகள் அடைத்திருக்கும்; அரிசியும் பாலும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். வெண்டைக்காய், கத்தரிக்காய், கொத்தமல்லிக்கு மைபாக்ஊஃபர் கால்வாய்க்கரைச் சந்தை, செவ்வாயும் வெள்ளியும். கடை கட்டும் நேரத்தில் விலை இறங்கும். தாய்மொழிக் குரல் கேட்க வேண்டுமென்றால் பிரிட்ஸ் பகுதியில் ஈழத்தமிழர்கள் எழுப்பிய மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது.

இரவில் காய்ச்சல் வந்து தனியாக இருந்தால் 116117-ஐ அழையுங்கள், மருத்துவர் வழிசொல்வார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 112. இரண்டையும் இப்போதே போனில் பதிந்துவையுங்கள்.