கருமணலும் ஒரு மில்லிமீட்டர் உருண்டையும்

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணலைக் கையில் அள்ளியவர்களுக்கு அதன் கனம் தெரியும். அதில் உள்ள இல்மனைட் என்ற கனிமத்திலிருந்து வரும் டைட்டானியம் டை ஆக்சைடு பெயின்டுக்குப் போகும், இது ஊரறிந்த கதை. அதே ஆக்சைடை லித்தியம் கார்பனேட்டோடு கலந்து சுட்டால் லித்தியம் டைட்டனேட் ஆகும் என்பதைத்தான் யாரும் பேசுவதில்லை.

லேசான அணுக்கருக்களை ஒன்றுசேர்த்து ஆற்றல் எடுக்கும் அணுக்கரு இணைவு உலைக்கான உருண்டைகளை அதில் செய்கிறார்கள். கடல்நீர் இருக்கும்வரை எரிபொருளுக்குப் பஞ்சமில்லை என்று வாட்ஸ்அப்பில் வருவது பாதி உண்மைதான்: எரிபொருள் என்பது டியூட்டிரியம், டிரிட்டியம் என்ற இரண்டு கன ஹைட்ரஜன் வகைகள்; டியூட்டிரியம் கடலில் உண்டு, டிரிட்டியத்துக்கு எங்கே போவது? அதன் அரை ஆயுளே 12.3 ஆண்டு, அதற்குள் பாதி சிதைந்துவிடும். அதனால் இணைவில் தெறிக்கும் நியூட்ரானை உருண்டையில் உள்ள லித்தியம்-6 (லித்தியத்தின் லேசான ஐசோடோப்பு) வாங்கிக்கொண்டு டிரிட்டியமும் ஹீலியமுமாகப் பிரிய வேண்டும். இயற்கை லித்தியத்தில் லித்தியம்-6 சுமார் 7.5 சதவீதம்தான், ஆகவே அதன் பங்கைக் கூட்டிச் செறிவூட்டுவார்கள்.

சரி, செய்முறைக்கு வருவோம். ஒரு வழியில், பொடியைப் பசை சேர்த்துப் பிசைந்து, இடியாப்பம் மாதிரி பிழிந்து, துண்டாக்கி, சுழலும் தட்டில் உருட்டுகிறார்கள். அப்புறம் காயவைத்து உயர் வெப்பத்தில் சுடுகிறார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவேயில் லித்தியம் ஆர்த்தோசிலிகேட் என்ற இன்னொரு லித்தியம் சேர்மத்தை உருக்கித் துளிகளாகவே உறைய வைக்கிறார்கள்.

எனக்குப் பிடித்த இடம் சூடுதான். வெப்பம் கூடினால் லித்தியம் ஆவியாகிப் போகும், குறைந்தால் உருண்டை நொறுங்கும். உள்ளே நுண்துளைகள் இல்லாவிட்டாலோ டிரிட்டியம் வெளியே வந்து, அதை வாரிச் செல்ல உருண்டைகளுக்கிடையே விடும் ஹீலியம் ஓட்டத்தில் சேராது. காந்திநகர் பிளாஸ்மா ஆய்வு நிறுவனத்திலும் இந்த லித்தியம் டைட்டனேட் வேலை நடக்கிறது.