கூறுவிலைப் படிவத்தில் கூட்டிய நிரல்கள்: கைத்தொலைபேசியின் கதிர்வீச்சு அளவைக் கடைகளிடம் எழுத்தில் பெற்ற அனுபவம்

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் உள்ள எங்கள் சனசமூக நிலையம், சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருந்தும் வீட்டில் கைத்தொலைபேசி இல்லாத மாணவர்களுக்கு அவற்றை வாங்கிக் கொடுப்பதென்று தீர்மானித்தபோது, கூறுவிலை கோருவது முதல் பொருளைப் பொறுப்பேற்பது வரையான வேலைகள் செயலாளர் என்ற முறையில் என்னிடம் வந்து சேர்ந்தன. பணம் அனுப்பியவர் பாரிஸில் வாழும் எங்கள் ஊரவர். பற்றுச்சீட்டு வேண்டும் என்பதோடு, ஒவ்வொரு கைத்தொலைபேசியினதும் கதிர்வீச்சு அளவு எழுத்தில் வேண்டும் என்றும் அவர் நிபந்தனை வைத்தார். “இஞ்சை கடையளிலை விலைக்குப் பக்கத்திலையே அது கிடக்கும். அங்கை ஏன் கேக்கேலாது?” என்பது அவருடைய கேள்வி. பிரான்ஸில் 2010 ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஆணையின்படி 2011 முதல், விற்பனை செய்யும் இடத்திலேயே இந்த அளவைக் காட்சிப்படுத்த வேண்டும் என்பது வணிகர்களுக்குக் கட்டாயமாக இருந்து வருகிறது.

அந்த அளவை எஸ்.ஏ.ஆர். என்று அழைக்கிறார்கள். கைத்தொலைபேசி அலைபரப்பும்போது உடலின் இழையம் கிலோகிராம் ஒன்றுக்கு எத்தனை வாட் சக்தியை உறிஞ்சுகிறது என்பதே அது. ஐரோப்பாவில் தலைக்கும் உடற்பகுதிக்குமான எல்லை கிலோகிராமுக்கு 2 வாட். அது 10 கிராம் இழையத்தின் சராசரியாகக் கணிக்கப்படுகிறது. அமெரிக்காவில் எல்லை 1.6 வாட், அங்கே சராசரி 1 கிராமுக்கு எடுக்கப்படுகிறது. இந்தியாவும் 2012 செப்டெம்பர் முதல் அமெரிக்க எல்லையையே கைக்கொள்கிறது. இந்த வேறுபாட்டை முதலில் விளங்கிக்கொண்டிராவிட்டால் பின்னர் கடைக்காரர்கள் எழுதித் தந்த எண்களை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானித்திருக்க முடியாது.

கஸ்தூரியார் வீதியிலும் அதனை அண்டிய தெருக்களிலும் உள்ள கடைகளில் முதலில் வாய்மொழியாகவே விசாரித்தேன். மறுத்தவர் எவரும் இல்லை. ஆனால் தெரிந்தவரும் எவரும் இல்லை. “அண்ணை, உதை ஒருத்தரும் கேக்கிறேல்லை. கமரா எத்தினை மெகாபிக்சல், பற்றறி எத்தினை எம்.ஏ.எச். எண்டுதான் கேப்பினம்” என்றார் ஒரு கடையில் நின்ற தம்பி. அவர் சொன்னதில் பொய்யில்லை. இன்னொரு கடையில் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, கீழ்ப்பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த எஸ்.ஏ.ஆர். வரியின் மேலேயே கடையின் உத்தரவாத ஸ்ரிக்கர் ஒட்டப்பட்டிருந்தது. முதலாளி தன் நகத்தால் அதன் ஓரத்தைச் சுரண்டி உயர்த்தினார். தலைக்கான எண் தெரிந்தது, உடலுக்கான எண் பசையோடு உரிந்து போயிருந்தது. வேண்டுமென்று மறைத்த காரியமல்ல அது. ஸ்ரிக்கர் ஒட்டுவதற்கு அந்த இடம்தான் வெறுமையாக இருப்பதுபோல் தோன்றியிருக்கும்.

விடயத்தை நிர்வாக சபைக் கூட்டத்தில் வைத்தபோது எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்து வந்தது. கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் சிலர் 2019 இல் யாழ். மாநகரில் ஸ்மார்ட் கம்பங்கள் நாட்டப்பட்டபோது எழுந்த 5ஜி எதிர்ப்பை நினைவூட்டி, பிள்ளைகளுக்குக் கைத்தொலைபேசியே வேண்டாம் என்றார்கள். வேறு சிலர், அளவு கேட்டால் கடைக்காரர் விலையைக் கூட்டுவார் என்றார்கள். முதலாவது தரப்புக்கு நான் சொன்னது இதுதான்: தெருவில் நிற்கும் கம்பத்திலிருந்து நம் உடலுக்கு வருவதை விட, காதோடு சேர்த்துப் பிடிக்கும் கருவியிலிருந்து வருவதே பெரும்பாலும் அதிகம், அலை வலுக் குறைந்த இடத்தில் கருவி தன் சக்தியைக் கூட்டியே கோபுரத்தைத் தொடர்புகொள்கிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011 இல் இந்த வகை அலைகளை 2பி வகுப்பில், அதாவது புற்றுநோயை ஏற்படுத்தக்கூடும் எனக் கருத இடமுள்ள, ஆயினும் சான்று போதாத வகுப்பில் சேர்த்தது. பயப்படுவதற்கும் அசட்டையாக இருப்பதற்கும் நடுவே, கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு அது போதிய காரணம் என்பது என் நிலைப்பாடு.

இந்த வேலையில் பயன்பட்ட ஒரே உபாயம் கூறுவிலைப் படிவம்தான். கடையில் நின்று கேட்டால் அது ஒரு வாடிக்கையாளரின் விசித்திரம். படிவத்தில் நிரலாக இருந்தால் அது கொள்வனவின் நிபந்தனை. விலை, உத்தரவாதக் காலம், ஐ.எம்.ஈ.ஐ. எனப்படும் கருவிக்குரிய தனி இலக்கத்தின் பதிவு ஆகிய வழக்கமான நிரல்களுக்குப் பக்கத்தில் தலைக்கான அளவு, உடலுக்கான அளவு, சராசரி எடுத்த இழைய நிறை, உடலிலிருந்து எத்தனை மில்லிமீற்றர் தள்ளி வைத்து அளந்தது, அந்த எண்ணுக்கு ஆதாரம் என்ன என்பவற்றைச் சேர்த்தேன். இவற்றை நிரப்பாத கூறுவிலைகள் பரிசீலிக்கப்படமாட்டா என்ற வாசகத்தைப் படிவத்தின் அடியில் மட்டுமன்றிக் கூட்டக் குறிப்பிலும் முன்கூட்டியே பதிவு செய்தோம். குறைந்த விலையை ஏன் விட்டீர்கள் என்று கணக்குப் பரிசோதகர் பின்னர் கேட்டபோது காட்டுவதற்கு அந்தக் குறிப்பு ஒன்றே இருந்தது. கூறுவிலை வந்த பிறகு நிபந்தனையைச் சேர்த்திருந்தால் ஆளுக்கொரு கதை கட்டியிருப்பார்கள்.

வந்த பதில்கள் சுவாரசியமானவை. ஒருவர் எல்லா நிரல்களுக்கும் குறுக்கே “பாதுகாப்பானது” என்று எழுதியிருந்தார். இன்னொருவர் “1.6 இற்குக் குறைவு” என்றார், அது சட்ட எல்லையே தவிர அந்தக் கருவியின் அளவன்று. வேறொருவர், தொலைத்தொடர்புகள் ஒழுங்குமுறை ஆணைக்குழுவில் பதிவான கைத்தொலைபேசிதான் என்று 1909 இற்குக் குறுஞ்செய்தி அனுப்பிப் பெற்ற பதிலின் படத்தை இணைத்திருந்தார். வாங்குமுன் அந்தச் சோதனையைச் செய்வது நல்லதுதான், ஆனால் அது ஐ.எம்.ஈ.ஐ. பதிவைப் பற்றியது, உறிஞ்சும் அளவைப் பற்றி எதுவும் சொல்லாது. உருப்படியாக நிரப்பியவர், முன்பு ஸ்ரிக்கரைச் சுரண்டிய அதே முதலாளி. உறை உரிக்காத பெட்டிகளின் படங்களையும், உற்பத்தி நிறுவனத்தின் இணையப் பக்க அச்சையும் சேர்த்து அனுப்பியிருந்தார்.

அவரிடமும் ஒரு சிக்கல் எழுந்தது. ஒரே மாதிரியைச் சேர்ந்த கைத்தொலைபேசிக்கு ஒரு பெட்டியில் ஓர் எண், இன்னொரு பெட்டியில் அதைவிடக் கூடிய எண். முதலாவது ஐரோப்பியச் சந்தைக்கான பெட்டி, மற்றையது இந்தியச் சந்தைக்கானது. சிறிய இழையத் துண்டில் சராசரி எடுத்தால் உச்சம் கூடுதலாகத் தெரியும் என்பதால், கருவி ஒன்றாக இருந்தாலும் எண் மாறிவிடும். ஆகவே ஒரே அளவுமுறையில் எடுத்த எண்களை மட்டும் அருகருகே வைத்து ஒப்பிட்டோம். பெட்டியில் காணாதபோது, ஐ.எம்.ஈ.ஐ. பார்க்க நாம் அழுத்தும் *#06# போலவே *#07# என்று அழுத்தினால் சில கைத்தொலைபேசிகள் எஸ்.ஏ.ஆர். விபரத்தைத் திரையில் காட்டுகின்றன. ஐஃபோனில் அமைப்புகளுக்குள் சட்ட விபரங்கள் என்ற பகுதியில் கிடைக்கும்.

ஆதாரம் என்ற நிரல் தேவையா என்று பொருளாளர் கேட்டார். 2023 செப்டெம்பரில் பிரான்ஸின் அலைவரிசை முகவரகம் தானே பரிசோதித்து, கைகால்களுக்கான எல்லை 4 வாட்டாக இருக்க 5.74 வாட் பதிவானதாகக் கூறி ஐஃபோன் 12 இன் விற்பனையை நிறுத்தியதையும், பின்னர் ஆப்பிள் மென்பொருள் மாற்றம் செய்ததையும் சொன்னேன். உற்பத்தியாளர் தரும் எண்ணும் பரிசோதனைக்கூடம் எடுக்கும் எண்ணும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது.

எண்ணை வெளியிட்டால் வாங்குபவர் தவறாக விளங்கிக்கொள்வார் என்ற வாதமும் உண்டு. சான் பிரான்சிஸ்கோ நகரசபை 2010 இல் விற்பனையாளர்கள் இந்த அளவைக் காட்ட வேண்டும் என்று கட்டளைச்சட்டம் கொண்டுவந்தபோது, கம்பியில்லாத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2013 இல் நகரசபை அதைக் கைவிட்டது. அந்த வாதத்தில் பாதி சரி. எஸ்.ஏ.ஆர். என்பது கருவி தன் உச்ச சக்தியில் அலைபரப்பும்போது எடுக்கும் அளவு, 0.6 உள்ள கருவி 1.2 உள்ளதை விட அன்றாடப் பாவனையில் இரண்டு மடங்கு நல்லது என்று கொள்ள முடியாது. ஆனால் தவறாக விளங்குவார்கள் என்பதற்காக மறைப்பதை விட, விளக்கத்தோடு கொடுப்பதே முறை. எல்லைக்குள் உள்ள கருவிகளை ஏற்றுக்கொண்டு, அவற்றுள் விலையையும் பற்றறியையும் பார்த்தே நாங்களும் தெரிவு செய்தோம்.

தெரிவான கடை பற்றுச்சீட்டிலேயே ஒவ்வொரு ஐ.எம்.ஈ.ஐ. இலக்கத்துக்கும் எதிரே அளவுகளை எழுதிக் கையெழுத்திட்டது. மாணவர்களுக்கு வழங்கிய உறையில், நீண்ட உரையாடலுக்கு ஒலிவாங்கி உள்ள இயர்போனைப் பயன்படுத்துமாறும், சிக்னல் ஒரு கோடாகக் குறையும் இடத்தில் பேச்சைச் சுருக்குமாறும், படுக்கும்போது தலையணைக்கு அடியில் வைக்க வேண்டாம் என்றும் ஒரு துண்டுத்தாளைச் சேர்த்தோம்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 10 ஆம் பிரிவு, பொருட்களில் இடவேண்டிய விபரங்கள் குறித்து உற்பத்தியாளர்களுக்கும் வணிகர்களுக்கும் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை அந்தச் சபைக்கு வழங்குகிறது. கைத்தொலைபேசிகளின் எஸ்.ஏ.ஆர். அளவு, அதன் அளவுமுறை, அளந்த தூரம் ஆகியவை விலைச்சீட்டின் அருகே மூன்று மொழிகளிலும் இருக்க வேண்டும் என்றும், கடை ஸ்ரிக்கர்கள் அந்த வரியை மறைக்கக்கூடாது என்றும் பணிப்புரை விடுக்குமாறு கேட்டு, நிரப்பிய படிவங்களின் பிரதிகளைக் கடைகளின் பெயரை நீக்கி இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறோம். பக்கத்து ஊர்ப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் வெற்றுப் படிவத்தைக் கேட்டு வாங்கிச் சென்றது, டப் எனப்படும் கைக்கணினி வாங்குவதற்காம். மடியில் வைத்துப் பாவிக்கும் கருவி என்பதால் தலைக்கான நிரலை விட உடலுக்கான நிரலையும் அளந்த தூரத்தையும் கவனமாகப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.