விளக்குமாற்றை முதலில் எடுத்து ஒளித்து வையுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் கூரை, சீலிங் வேலைதான் என் பிழைப்பு. தோட்டத்து லயத்தை விட்டு வந்தவர்கள் எழுபது, எண்பதுகளில் வாங்கிய மலிவு விலை வீடுகள் இங்கே வரிசை வரிசையாக இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் அஸ்பெஸ்டோஸ், அதாவது தூளாகி மூச்சில் போனால் நோய் தரும் கல்நார், இன்னும் இருக்கிறது. பின்கட்டில் அலைத்தகடாக, கூடத்தில் மரச்சட்டம் அடித்த தட்டைப் பலகையாக. கண்ணால் பார்த்து அடித்துச் சொல்ல என்னாலும் முடியாது. ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால்தான் உறுதி. பழைய பலகை என்றால் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்வது என் வழக்கம்.

கூப்பிடுகிறவர்கள் இரண்டு ரகம். வாட்ஸ்அப்பில் ஏதோ பார்த்துவிட்டு, "நாளைக்கே எல்லாத்தையும் பிரிச்சிடுங்க அண்ணே" என்பவர்கள் ஒரு ரகம். இன்னொரு ரகம், என்னைப் பார்த்துச் சிரிப்பவர்கள். ஒரு பாட்டி கேட்டார்: "தம்பி, என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் இதுக்குக் கீழதான் படுத்தார். அவருக்கு என்ன ஆச்சு?" பாட்டி சொன்னதில் நியாயம் இருக்கிறது. அஸ்பெஸ்டோஸ் சிமெண்டில் நார் சுமார் 10 முதல் 15 விழுக்காடுதான். மீதி சிமெண்ட், அது நாரைப் பிடித்து வைத்திருக்கும். உடையாத, உதிராத பலகைக்குக் கீழே படுத்தவருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. அறுத்தால், துளைத்தால், தேய்த்தால், உடைத்தால்தான் நார் தூளாகிக் காற்றில் ஏறும். மூச்சில் போனதில் ஒரு பகுதி நுரையீரலிலேயே தங்கிவிடும். நுரையீரல் தழும்பாவது, நுரையீரல் புற்றுநோய், நுரையீரல் உறையில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோய் எல்லாம் பெரும்பாலும் 20, 40 வருடம் கழித்துத்தான் தலைகாட்டும். புகை பிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு.

அதனால் நல்ல நிலையில் இருக்கும் சீலிங்கைத் தொடாதீர்கள், வேண்டுமானால் பெயிண்ட் அடித்து விடுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்த வீடுகள் நிறைய. வருமானம் போகிறதே என்று என் வீட்டில் திட்டு விழும். சரி, அது வேறு கதை.

சும்மா இருந்த பலகையைக் கெடுப்பது பெரும்பாலும் தீபாவளிதான். தீபாவளி நெருங்கினால் எல்லோருக்கும் சீலிங்கில் பதிக்கும் டவுன்லைட் வேண்டும். வயரிங்காரர் வட்ட ரம்பத்தை டிரில்லில் மாட்டிக் கூடத்தில் வரிசையாக ஓட்டை போடுவார். வெள்ளைத் தூள் அவர் தலையிலும் சோபாவிலும் பொரிமாவு மாதிரி இறங்கும். வேலை முடிந்ததும் வீட்டு அம்மா ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்து வருவார். எனக்கு ரம்பத்தைவிட அந்த விளக்குமாற்றின் மேல்தான் பயம். ரம்பம் சில நிமிடம்தான் ஓடும். பெருக்கினாலோ கீழே படிந்த தூள் திரும்ப மேலே எழும், மறுநாளும் எழும். சாதாரண வேக்கமும் அப்படித்தான், முன்னால் உறிஞ்சிப் பின்னால் ஊதிவிடும். ஈரத்துணியால் ஒற்றித் துடைத்து, அந்தத் துணியையும் வெட்டி விழுந்த பலகைத் துண்டுகளோடு சேர்த்துக் கட்டிப் போட வேண்டும்.

உடைந்து தொங்குகிறது, குரங்கு குதித்து ஓட்டையாகிவிட்டது என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். முதலில் மெயின் சுவிட்சை அணைப்பேன், ஏனென்றால் அடுத்தது தண்ணீர். தோட்டத்தில் மருந்தடிக்கிற கைப்பம்பு ஒன்று வைத்திருக்கிறேன், புதிதாக வாங்கியது, களைக்கொல்லி படாதது. தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டால் பலகைக்குள் நன்றாக ஊறும். பீய்ச்சி அடிக்கக் கூடாது, பனி மாதிரி விழ வேண்டும். அப்புறம் சட்டத்தை நெம்புவேன். ஆணித்தலை பெயிண்டுக்குள் புதைந்து கிடக்கும். சுத்தியால் தட்டினால் மூலை தெறிக்கும் என்பதால், ஆணியைச் சுற்றி நனைத்துச் சுரண்டி, குறடால் இழுப்பேன். கீழே இரண்டு பேர் உள்ளங்கையை விரித்துப் பலகையைத் தாங்குவார்கள். முழுசாக இறங்கினால் தூள் அதிகம் இராது. அப்படியே 200 மைக்ரோன் தடிமன் பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று சுற்றி, டேப் ஒட்டி, மேலே அஸ்பெஸ்டோஸ் என்று எழுதிவிடுவோம்.

கிளினிக்கில் தரும் நீல முகமூடி இதற்கு உதவாது. மிக நுண்ணிய தூளையும் தடுக்கும் பி100 வடிகட்டி போட்ட ரப்பர் முகமூடி, ஒருமுறை போட்டு எறியும் முழு அங்கி, இரண்டும் வேண்டும். தாடி இருந்தால் முகமூடி ஒட்டாது. என்னிடம் வேலைக்கு வரும் பையன்களுக்கு இதுதான் பெரிய வருத்தம். அங்கி வேண்டாம், வியர்க்கிறது என்று சட்டையோடு வேலை செய்து அதை வீட்டுக்குக் கொண்டுபோகிற ஆட்கள் இந்தத் தொழிலில் உண்டு. அதைத் துவைப்பவர் மனைவியோ அம்மாவோ. கணவனின் வேலைத் துணியை உதறித் துவைத்தே மீசோதெலியோமா வந்த பெண்களைப் பற்றி மருத்துவ உலகம் பல பத்தாண்டுகளாக அறியும்.

கூரை வேலையில் நாருக்கு முன்னால் வேறொரு எமன் நிற்கிறான். வெயிலும் மழையும் தின்ற அலைத்தகடு கால் வைத்ததும் முறியும், ஆள் நேராகக் கீழே. தகட்டின் மேல் நேராக நடக்கவே கூடாது, மரப்பலகை போட்டு, கூரையைத் தாங்கும் கட்டை எங்கே என்று பார்த்து வேலை செய்ய வேண்டும். பாசியைப் போக்குகிறேன் என்று வாட்டர்ஜெட் அடிப்பவர்களை என்ன சொல்ல! சிமெண்டை அரித்து நாரைச் சாக்கடையில் விடுகிறார்கள்.

சிங்கப்பூரில் 1989-இலேயே கட்டடங்களில் அஸ்பெஸ்டோஸை நிறுத்திவிட்டார்கள். நம் நாட்டில் வேலையிடங்களுக்கு 1986-இல் விதிகள் வந்தன. ஆனால் வீட்டுக்காரர் தானே ஏணி வைத்து ஏறினால் எந்த அதிகாரி வந்து பார்ப்பார்?

கழற்றியதை எங்கே போடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். செம்பனைக் காட்டு ஓரத்தில், கோழிக்கூண்டுக்குக் கூரையாக, பூச்செடிக்கு வரப்பாக என்று எங்கும் கிடக்கிறது. குப்பை லோரியில் போட்டால் அது நசுக்கித் தூளாக்கிவிடும். தூளாகவோ நாராகவோ இருக்கும் அஸ்பெஸ்டோஸ் கழிவு 2005-ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளில் எஸ்டபிள்யூ 201 என்ற எண்ணில் வருகிறது. உரிமம் உள்ளவர்தான் எடுக்கலாம். யார் என்று ஜபாத்தான் ஆலம் செகித்தாரில், அதாவது சுற்றுச்சூழல் துறையில், கேட்டுக்கொள்ளலாம். நாலைந்து பலகைக்காக அவர்கள் லோரி அனுப்பத் தயங்குவார்கள், வாடகையும் கட்டாது. அதனால் ஒரே வரிசையில் இருப்பவர்களிடம் முதலிலேயே பேசி, யார் யார் வீட்டில் உடைந்தது இருக்கிறது என்று கணக்கெடுத்துச் சேர்ந்து செய்யச் சொல்கிறேன். செலவு பங்காகிவிடும், எனக்கும் ஏணியை ஒருமுறை இறக்கினால் போதும்.